வீட்டிலேயே சிகைக்காய்ப் பொடியும் கூந்தல் எண்ணெயும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண் அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நெல்லையும் கடலையையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தலைக்கு வருவோம். வேலியிலும் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கிற சரக்கைக் கொண்டு மூன்று பொருள்களை வீட்டிலேயே செய்யலாம். ஒன்று, தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் பொடி. இரண்டாவது, கூந்தல் எண்ணெய். மூன்றாவது, நரைக்குப் பூசும் மருதாணி, அவுரிச் சாயம். இவற்றை எப்படிச் செய்வது, எங்கே கவனமாக இருக்க வேண்டும், விற்பதானால் என்ன வழி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சென்னை கிண்டியில் 1958-ல் ஒரு தொழிற்பேட்டை தொடங்கினார்கள். இரும்பும் இயந்திரமும் உருளுகிற இடம். இன்றைக்கு அங்கே தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. இயற்கை முறையில் கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் செய்ய அங்கே அவ்வப்போது பயிற்சி கொடுக்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையமும் கிண்டியில்தான் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் உரலில் இடித்த சரக்கு இப்போது தொழிற்பேட்டையில் பாடமாகிவிட்டது, பாருங்கள்!

இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "சார், என்னென்ன சரக்கு, எத்தனை கிராம் போடணும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சரக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறது? பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் பொடி கெடாது. ஈரம் இருந்தால் கட்டாயம் கெடும். இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இந்த வேலை நம் கையை விட்டு எப்படிப் போயிற்று என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னே சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் சிகைக்காய் ஊறும். வானம் பார்த்த சீமையில் அரப்பு ஊறும். பிறகு சின்னச் சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு வந்தது. ஷாம்பைப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி செய்தவர்களில் முன்னோடி, கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பெட்டிக்கடை வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம் பிற்பாடு மீரா என்ற பெயரில் சிகைக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டு விற்றது. நாம் உரலோடு விட்ட சரக்கை நாமே காசு கொடுத்து வாங்கினோம். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரக்குக்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது, நமக்கு மறந்துபோயிற்று.

சரி, சரக்கைப் பார்ப்போம்.

சிகைக்காய் முள் நிறைந்த ஏறுகொடி. மலையோரக் காடுகளில் நன்றாக வளரும். காய் பழுத்துக் காய்ந்தபின் பறிப்பார்கள். பூந்திக்கொட்டை மரம். அதன் பழத்தோல்தான் நமக்கு வேண்டும். உள்ளே இருக்கிற கருங்கொட்டையைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைப்பொடி. உசிலம்பட்டிக்கு இந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்று சொல்வார்கள். மானாவாரி நிலத்தில், மழை குறைந்த இடத்தில், ஆடு கடித்தாலும் திரும்பத் துளிர்க்கிற மரம் அது. வரப்போரத்தில் நாலு உசிலை நின்றால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்க அரப்புக்குப் பஞ்சமில்லை.

இந்த மூன்றிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. நுரை தருவது அதுதான். எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புத் தண்ணீர் வருகிற ஊர்களில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் திரிந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அப்படித் திரியாது. கடை ஷாம்பு மாதிரிப் பொங்கப் பொங்க நுரை வராதுதான். நுரை குறைந்தால் அழுக்குப் போகவில்லை என்று எண்ண வேண்டாம்.

இதிலே ஒரு எச்சரிக்கை. சப்போனின் மீனுக்கு ஆகாது. மீன் வளர்க்கிற குட்டையில் சிகைக்காய், பூந்திக்கொட்டை கரைத்த தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இப்போது பொடி. ஒரு வீட்டுக்குத் தேவையான அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். சிகைக்காய் 1 கிலோ. பச்சைப்பயறு கால் கிலோ. வெந்தயம் 100 கிராம். பூந்திக்கொட்டைத் தோல் 100 கிராம். காய்ந்த செம்பருத்தி இலை 100 கிராம். ஆவாரம்பூ காய்ந்தது 50 கிராம். வாசத்துக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம். சிகைக்காய் கிடைக்காத ஊரில் அரப்புப் பொடியே போதும்; அதோடு வெந்தயமும் பயறும் சேர்த்துக்கொள்ளலாம். வெந்தயமும் செம்பருத்தி இலையும் வழவழப்புத் தரும், முடி சிக்காது. பூந்திக்கொட்டையைக் கூடுதலாகப் போட்டால் நுரை கூடும். தலை வறண்டுபோகும், கண்ணிலும் எரியும். ஆகவே அளவோடு நிறுத்துங்கள்.

காய்களையும் கிழங்கையும் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். இலையையும் பூவையும் நிழலில், காற்றாட உலர்த்துங்கள். மண் தரையில் கொட்டாதீர்கள். பாயோ சுத்தமான துணியோ விரியுங்கள். உரச் சாக்கு, பூச்சிமருந்துச் சாக்கு கூடவே கூடாது. மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்தது என்று எப்படித் தெரியும்? சிகைக்காயை ஒடித்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் நொறுங்கிப் பொடியாக வேண்டும். நெல்லைக் கடித்துப் பார்த்து, கடலையைக் குலுக்கிப் பார்த்து ஈரம் சொல்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது மில். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மிளகாய் அரைத்த மில்லில் அடுத்த நடை சிகைக்காய் போட்டால் என்ன ஆகும்? தலைக்குத் தேய்த்தவுடன் தெரிந்துவிடும்! சிகைக்காய் அரைக்கத் தனி மில் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் மில்காரரிடம் சொல்லி இயந்திரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தவிடு போட்டு ஓட்டி, அதைத் தள்ளிவிட்டு அப்புறம் உங்கள் சரக்கைப் போடச் சொல்லுங்கள். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசி பட்டால் தும்மல் நிற்காது.

மில்லிலிருந்து வந்த பொடி சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடிக்கு உள்ளே வியர்க்கும். அந்த நாலு துளி நீர் போதும், பூஞ்சணம் பிடிக்க. ஆகவே அகலமான தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறியபின் சலித்து, காய்ந்த டப்பாவில் அடையுங்கள். குளிக்கிற இடத்தில் டப்பாவை வைக்காதீர்கள். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். தேவையானதைக் காய்ந்த கரண்டியால் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே நேரத்தில் வருஷத்துக்கு அரைத்து வைக்காதீர்கள், வண்டு விழும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகிற அளவு அரைத்துக்கொண்டு, மீதியைக் காயாகவே வைத்திருங்கள்.

"பொடியைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றி ஷாம்பு மாதிரி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். கடை ஷாம்பில் கெடாமல் இருக்க மருந்து சேர்த்திருக்கிறார்கள். உங்கள் கரைசலில் அது இல்லை. பூந்திக்கொட்டையும் சிகைக்காயும் வேகவைத்த சாறு இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். அந்தத் தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கும். தலையில் சிரங்கு, புண் இருந்தால் அதுவே வினையாகும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கரையுங்கள்.

இரண்டாவது, எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கரிசலாங்கண்ணி இலையை அரைத்துப் பிழிந்த சாறு அரை லிட்டர். கறிவேப்பிலையும் கொட்டை நீக்கிய நெல்லிக்காயும் சேர்த்து அரைத்த விழுது 100 கிராம். இவற்றை அடி கனத்த பாத்திரத்தில், பாதிக்கு மேல் நிரம்பாமல் ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சுங்கள். சாற்றில் இருக்கிற தண்ணீர் பொங்கும். பாத்திரம் நிரம்ப இருந்தால் எண்ணெய் வழிந்து தீப்பிடிக்கும். பிள்ளைகளை அடுப்பண்டை விடாதீர்கள்.

எப்போது இறக்குவது? இதற்கு நம் வைத்தியர்கள் ஒரு பதம் வைத்திருக்கிறார்கள். சலசலப்பு அடங்கியதும் அடியில் இருக்கிற விழுதில் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். மெழுகு மாதிரித் திரண்டு வர வேண்டும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். பாருங்கள், இங்கேயும் விஷயம் ஈரம்தான். தண்ணீர் தங்கிய எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். பதம் வந்ததும் இறக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே துணியில் வடிகட்டி, காய்ந்த பாட்டிலில் ஊற்றுங்கள். பூச்சிமருந்து வந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உபயோகிக்கக் கூடாது.

தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது என்பது வெறும் பழக்கப் பேச்சில்லை. 2003-ல் மும்பையைச் சேர்ந்த ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து வரும் வெள்ளை எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அது முடிக்குள்ளே இறங்குகிறது. மற்றவை மேலேயே நின்றுவிடுகின்றன. எண்ணெய் விற்கிறவர்கள் செய்த ஆய்வு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற முடியை அது காக்கும். இல்லாத முடியை முளைக்க வைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

மூன்றாவது, நரைக்குச் சாயம். மருதாணி இலைப்பொடி மட்டும் பூசினால் செம்பட்டை நிறம் வரும். அதன்மேல் அவுரி இலைப்பொடி பூசினால் கருமை வரும். முதல் நாள் மருதாணியைக் குழைத்துப் பூசி, இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, பத்து நிமிஷத்துக்குள் பூசிவிடுங்கள். குழைத்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தால் சாயம் பிடிக்காது. ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். உடனே பச்சையும் நீலமுமாகத் தெரிந்தாலும், காற்றுப் பட்டு மறுநாள் கருக்கும்.

அவுரி நமக்குப் புதிய பயிர் இல்லை. நீலச் சாயத்துக்காக ஒரு காலத்தில் பெருவாரியாகப் பயிரிட்டார்கள். 1897-ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் சாகுபடி சுருங்கிப்போயிற்று. இன்றும் விழுப்புரம் மாவட்டம் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி போடுகிறார்கள். கூந்தலுக்கு அவுரி இலை வேண்டுமானால் பூ எடுக்குமுன் அறுத்து, அன்றே பரப்பி, பச்சை மாறாமல் சீக்கிரம் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் இலை புழுங்கி, சாயச் சத்து கெட்டுவிடும்.

எந்தச் சாயமானாலும் முதலில் முழங்கை மடிப்பில் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் உங்களுக்கு அது ஆகாது. கடையில் "கறுப்பு மருதாணி" என்று விற்கிற சில பொடிகளில் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். சிலருக்கு முகம் வீங்கிவிடும். வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மருதாணி இயற்கையாகக் கறுப்பு நிறம் தராது; ஒரே பூச்சில் கறுத்தால் சந்தேகப்படுங்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மருதாணி பூசவே வேண்டாம். பிறவியிலேயே ஒரு குறை உள்ள சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும்.

இனி, வேளாண் அலுவலர் என்ற முறையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பேன் தொல்லை என்று, பருத்திக்கும் கத்தரிக்கும் வாங்கி வைத்த பூச்சிமருந்தைத் தலையில் தடவுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தலைத்தோல் வழியாக விஷம் உடம்புக்குள் போகும். பிள்ளையின் உயிரே போய்விடும். பேனுக்கு ஈரத்தலையில் பேன்சீப்பு போட்டு நாள்தோறும் வாருங்கள். அடங்கவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கேளுங்கள். அதேபோல், களைக்கொல்லி அடித்த வரப்பிலிருந்து கரிசலாங்கண்ணி பறிக்காதீர்கள். மருந்து அடித்த கறிவேப்பிலைத் தோட்டத்து இலையும் வேண்டாம். கொல்லையில் நீங்களே வளர்த்த செடி இருந்தால் அதுதான் உத்தமம்.

"இதெல்லாம் போட்டால் முடி கொட்டுவது நிற்குமா சார்?" இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். கடுமையான காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டுக் கோளாறு இருந்தாலும் முடி கொட்டும். அதற்குப் பொடி மருந்தாகாது. கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை சாப்பாட்டில் வேண்டும். ரத்தப் பரிசோதனை வேண்டும். கரிசலாங்கண்ணியைத் தலைக்குத் தேய்க்கிற தாய்மார்கள் முருங்கைக்கீரையை வயிற்றுக்கும் போடுங்கள்.

கடைசியாக, விற்பனை. வீட்டுக்குச் செய்துகொள்ள யாரிடமும் அனுமதி வேண்டாம். பொடியாக்கி, உறையில் போட்டு, பெயர் வைத்து விற்பது வேறு விஷயம். அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க, 1940-ம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். இப்போது அதற்கென்று 2020-ல் வந்த தனி விதிகளும் உள்ளன. சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து என்று சொல்லி விற்பதானால் அதற்கு உரிமம் தனி. உறையின்மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, தயாரித்த தேதி, விலை எல்லாம் அச்சிட வேண்டும். "வழுக்கையில் முடி முளைக்கும்" என்று போட்டுவிடாதீர்கள். அப்படிச் சொல்லி மருந்து விற்பதை விதிகள் தடுக்கின்றன. அது உண்மையும் இல்லை.

உரிமம், உறை, கணக்கு, வங்கிக் கடன் இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கிண்டிக்குப் போகச் சொல்கிறேன். பயிற்சித் தேதியும் கட்டணமும் தகுதியும் செய்தித்தாளில் வரும். மகளிர் குழுவில் நாலு பேர் இருந்தால் ஒருவரையாவது அனுப்பி வையுங்கள். போகிறவர், உரிமத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும், என்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விக்குப் பதிலோடு திரும்பி வர வேண்டும். பதில் கிடைக்குமுன் கடன் வாங்கி மெஷின் வாங்காதீர்கள்.

உரிமம் வாங்க வசதிப்படாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பொடியாக்காமல் விளைபொருளாகவே விற்கலாம். நன்றாகக் காய்ந்த, தூசி இல்லாத, பச்சை மாறாத உசிலை இலையும் அவுரி இலையும் ஆவாரம்பூவும் தயாரிப்பாளர்களுக்குத் தேவை. பூஞ்சணம் பிடித்த ஒரு மூட்டை போனால் அடுத்த முறை உங்களிடம் வாங்க மாட்டார்கள். காய்ந்த சரக்கு தொடர்ந்து போனால் உங்கள் வீடு தேடி வருவார்கள்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். உரிமம், வியாபாரம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அரைக் கிலோ சிகைக்காயோ, ஒரு கூடை உசிலை இலையோ எடுத்துக் காய வையுங்கள். உங்கள் வீட்டுத் தலைகளுக்கு இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். முதல் நாள் இருந்த வாசம் அப்படியே இருந்தால் உங்களுக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது. மக்கின வாடை அடித்தால் பொடியைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, அடுத்த முறை இன்னும் ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.